கொருக்குப்பேட்டை கேரம் மாஸ்டர்

கும்மிடிப்பூண்டி வண்டியிலிருந்து கொருக்குப்பேட்டையில் இறங்கியபோது மாலை ஐந்தே கால். கடற்கரையிலிருந்து ராயபுரம் வழியாக வரும் பாதையும், சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பாதையும் இங்கேதான் கூடுகின்றன. பயணிகள் வண்டி போக, சரக்கு வண்டியும் எண்ணெய் டேங்கரும் ஓயாமல் நகர்கின்றன. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் பள்ளியுமாக வாழும் பிள்ளைகள் இங்கே ஏராளம். “அஞ்சரைக்குக் கதவ தொறந்துருவேன். அதுக்குள்ள வந்தா எல்லாத்தையும் மொதல்லேர்ந்து பாக்கலாம்” என்று மாஸ்டர் போனில் சொல்லியிருந்தார்.

மணலி சாலைப் பக்கம் நடந்தேன். பழைய இரும்புக் கடை, மாவு மில், கறிக்கடை, தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். காற்று திரும்பும்போதெல்லாம் பக்கிங்காம் கால்வாயின் வாடை வந்துபோனது. இரண்டு சந்து திரும்பியதும் அம்பேத்கர் படம் வரைந்த சுவரும் அதை ஒட்டி ஒரு அறையும். ஒரு காலத்தில் இரவுப் பாடசாலை நடந்த இடம். பத்துக்குப் பதினைந்து அடிதான் இருக்கும். உள்ளே இரும்பு ஸ்டாண்டில் மூன்று கேரம் பலகைகள், ஒவ்வொன்றின் மேலேயும் தகர மூடி போட்ட ஒரு பல்பு, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மூலையில் பவுடர் டப்பாவும் ஒரு இரும்புப் பெட்டியும். பதக்கமோ கோப்பையோ எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஜெயித்ததெல்லாம் பிள்ளைகளின் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

மாஸ்டர் ஐந்தரைக்கு முன்பே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வேலை செய்யும் இடத்தில் கேள்வி வருமாம். மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி எழுதுகிறார். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது, சீல் சரியாக இருக்கிறதா என்று குறிக்கும் வேலை. காலை ஆறு மணி ஷிஃப்ட். நாலரைக்கு எழுந்து கிளம்பினால்தான் டிரெய்லர் வரிசைக்குள் பைக்கை நுழைத்துப் போய்ச் சேர முடியும். இரண்டு மணிக்கு விட்டதும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண் மூடிவிட்டு இங்கே வருகிறார். இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறார். பதினேழு வருடமாக இதுதான் நடைமுறை என்றார்.

முதல் வேலையாகப் பல்புகளைப் போட்டார். வெளிச்சத்துக்காக அல்ல. கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம். சூடு கொஞ்ச நேரம் பலகைமேல் இறங்கினால்தான் காயின் ஓடும். பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்து, பவுடரைத் தூவி, உள்ளங்கையால் பரப்பினார். தலைக்கு மேல் ஃபேன் இருக்கிறது, ஆனால் பவுடர் போட்டபின் அதைப் போடுவதில்லை. விளையாடும் பரப்பு இரு பக்கமும் 74 சென்டிமீட்டர். ஸ்டிரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. புதிதாக வாங்கும் ஸ்டிரைக்கரைத் தெருமுனை அடகுக் கடைத் தராசில் போட்டுப் பார்த்துத்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த அறைக்குள் முட்டிக்கு மேல் தண்ணீர். பலகைகளைப் பரண்மேல் ஏற்றியும் ஒன்று ஊறி உப்பிப்போனது. டோர்னமென்ட் தரத்தில் ஒரு நல்ல பலகை பத்தாயிரத்தைத் தாண்டும். தவணையில் வாங்கினார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவுடன் பலகையில் உட்கார முடியாது. முதலில் இரும்புப் பெட்டிமேல் இருக்கும் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கு வாசலருகே இருக்கும் பலகை. அதில் காயினே இல்லை. வெறும் ஸ்டிரைக்கரைப் பலகையின் எதிர்ச் சட்டத்தில் அடித்து, புறப்பட்ட கோட்டுக்கே திரும்ப வரவைக்க வேண்டும். நாற்காலி நகரக் கூடாது, எழுந்து எம்பக் கூடாது, ஸ்டிரைக்கர் இரண்டு அடிக்கோட்டையும் தொட்டே நிற்க வேண்டும். இதை மூன்று வாரம் செய்யவைக்கிறார். ஒரு பையன் என்னைப் பார்த்து, “அண்ணா, எனக்கு இன்னும் எட்டு நாள்” என்றான். காயினைத் தொட இன்னும் எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

நடுப் பலகையில் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அவளைவிட மூத்த பையனுக்கும் ஆட்டம். கேரமில் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். அவளுக்கு 22, அவனுக்கு 19. சிவப்புக் காயினுக்கு மூன்று புள்ளி உண்டு, ஆனால் 22-ஐத் தொட்டவருக்கு அந்த மூன்று கிடையாது. அவளுக்கு எதிரே ஒரு வெள்ளை பாக்கெட் வாயிலேயே நின்றது. அவள் பார்வை சிவப்பின்மேல் இருந்தது. வெட்டி அடித்தாள். சிவப்பு நகர்ந்தது, ஸ்டிரைக்கர் பாக்கெட்டில் விழுந்தது. டியூ என்கிற அபராதம். பையன் சிவப்பைப் போட்டு, ஒரு கறுப்பால் அதைக் கவர் செய்து, கேமையும் முடித்துவிட்டான்.

மாஸ்டர் அதுவரை வாயே திறக்கவில்லை. அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போட்டியில் கோச் பேச முடியாது, அதனால் இங்கேயும் பேசுவதில்லை. போர்டு முடிந்ததும் அவளிடம் முதலில் சொன்னது இதுதான்: “ரெட்ட அடிக்கிறதுக்கு முன்னாடி எப்டி இருந்துச்சோ, அப்டியே திரும்ப அடுக்கு.” அவள் நினைவிலிருந்து காயின்களை ஒவ்வொன்றாக வைத்தாள். இரண்டை மாற்றி வைத்தபோது பையன் திருத்தினான். பலகை பழையபடி வந்ததும் மாஸ்டர் குனிந்தார். “உனக்கு எவ்ளோ?” “இருபத்திரெண்டு.” “அப்போ ரெட்டுல உனக்கு இன்னா?” அவள் யோசித்தாள். “ஒண்ணுமில்ல.” “அவனுக்கு?” “மூணு.” “வெள்ளைய கழிச்சுட்டு, அடுத்த அடியில ரெட்ட அவன் கைக்கு எட்டாத எடத்துல தள்ளி வெச்சிருக்கலாம்ல?” அவள் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது. அவர் கவனித்தும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இன்னொரு கேம் ஆடு” என்று நகர்ந்துவிட்டார்.

நான் பார்த்த பயிற்சிகளில் இது உயர்ந்தது. தப்பு நடந்த நொடியில் திட்டிவிட்டால் திட்டு மட்டும்தான் நினைவில் நிற்கும். பலகையைத் தானே திரும்ப அடுக்கியவளுக்கு அந்த நிலை மறக்காது.

வடசென்னைக்குக் கேரம் புதிதல்ல. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ல் உருவானதே சென்னையில்தான். அதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் பங்காரு பாபு. சென்னையின் மரிய இருதயம் 1991-ல் டெல்லியிலும் 1995-ல் கொழும்பிலும் உலகப் பட்டம் வென்றார். 1996-ல் அவருக்குக் கிடைத்த அர்ஜுனா விருதுக்குப் பிறகு கேரமுக்கு அந்த விருது வரவில்லை. இங்கிருந்து தண்டவாளம் தாண்டினால் வியாசர்பாடி. அங்கே மூன்று சக்கர வண்டித் தொழிலாளியின் மகளாகப் பிறந்த இளவழகி 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டையின் செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் கொண்டுவந்தார். அவருடைய அப்பா மெஹபூப் பாஷா ஆட்டோ ஓட்டுநர், மகளுக்கு அவரே கோச். தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தவர். தமிழக அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. கொடுத்தது மிகச் சரி. அந்தச் செய்தி வந்த வாரத்தில் இந்த அறையில் இடம் கேட்டு வாசலில் அம்மாக்கள் நின்றார்களாம்.

“அந்த வாரம் நாப்பது பேரு வந்தாங்க. மூணு மாசம் கழிச்சு ஆறு பேரு நின்னாங்க” என்றார் மாஸ்டர். அதை வருத்தமாகச் சொல்லவில்லை. நின்ற ஆறு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார்.

பெயரும் நேரமும் எழுதும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதித்தார். புள்ளி விவரம் இருக்கும் என்று நினைத்தேன். ஸ்கோர் ஒரு பக்கத்திலும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அதில் அரையாண்டுத் தேர்வு தேதி, வீட்டில் போன் யார் கையில் இருக்கும், யாருக்கு மூச்சிரைப்பு, யாருடைய அப்பா எந்தக் கிழமை குடித்துவிட்டு வருவார், அந்த நாளில் பிள்ளையை எந்தச் சித்தி வீட்டில் விட வேண்டும், கண்ணாடி இருந்தும் போடாமல் வருகிறவர் யார், சாதிச் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்றெல்லாம் இருந்தது. ஒரு பையனின் பக்கத்தில் “காலைல சாப்ட்றதில்ல” என்று மட்டும் இருந்தது. அவனுக்காகத்தான் பொட்டுக்கடலை டப்பா இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாகவே நீட்டப்படுகிறது, அவனுக்கு மட்டும் என்று தெரியாதபடி.

ஏழு மணிக்கு அறையைக் கல்லூரி மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். கூடவே அவரிடம் பயின்று மாநில அளவில் ஆடிய இளம்பெண் ஒருத்தியும் வந்தாள். காலையில் தங்கசாலைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை, மாலையில் இங்கே உதவி. பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் ‘அக்கா’. மாஸ்டர் அவளை வாய் நிறைய ‘மா’ போட்டுப் பேசுகிறார். பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. அவள் வீட்டுக்குத்தான் போனோம்.

ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. படிக்கட்டில் விளக்கு இல்லை. மாஸ்டர் கதவுக்கு வெளியிலேயே நின்றார், அக்காதான் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். சிறுமியின் அம்மா வந்தார். காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“வாங்க மாஸ்டர். ஒக்காருங்க.”

“இருக்கட்டும்மா. இன்னா, ஒரு வாரமா பாப்பா வர்லியே?”

“டென்த்து மாஸ்டர். அவங்கப்பா வேணான்ட்டாரு. பக்கத்து வூட்டு அம்மா வேற, பசங்களோட சேந்து ஒக்காந்து ஆட்றான்னு ஒரு மாதிரி பேசுது.”

உலகக் கோப்பையையும் ஒரு கோடியையும் இந்த இடத்தில் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “கணக்குல எவ்ளோ வாங்கிச்சு?”

“முப்பத்தெட்டு.”

“நம்ம காலேஜ் பையன் கணக்கு நல்லா சொல்லிக்குடுப்பான்மா. ஒரு மணி நேரம் ஆட்டம், அரை மணி நேரம் கணக்கு. ஏழு மணிக்கு இந்தப் பொண்ணே கூட்டினு வந்து வுட்டுடும்.”

அதற்குள் அப்பா வந்துவிட்டார். பெயின்டர். சட்டையில் டிஸ்டெம்பர் துளிகள். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கேள்வி நேராக வந்தது: “மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இதால அவளுக்கு இன்னா கெடைக்கும்?”

“தெரியாது தலைவரே. கெடைக்கும்னு சொன்னா அது பொய். ஆனா, அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் உம் பொண்ணு எங்க இருக்கா, யார் கூட இருக்கான்றது உனக்குத் தெரியும். அதுக்கு நான் பொறுப்பு.”

அப்பா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பரீட்ச முடியற வரைக்கும் சனி, ஞாயிறு மட்டும்” என்றார். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். கீழே வந்ததும் நோட்டை எடுத்து அவள் பக்கத்தில் ‘சனி ஞாயிறு’ என்று எழுதிக்கொண்டார். அக்காவுக்கு அது போதவில்லை. “செவ்வாக்கெழமையும் கேட்ருக்கலாம் மாஸ்டர், மாவட்டப் போட்டி வருது” என்றாள். “மாவட்டம் அடுத்த வருஷமும் வரும்மா. அவர் கதவ சாத்திட்டாருன்னா அவ வரமாட்டா” என்றார்.

அவர் ஏன் வாசலிலேயே நின்றார் என்று திரும்பும் வழியில் கேட்டேன். 2021-ல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானபோது, பல ஆண்டுகளாக நடந்த கொடுமைகளை அவரிடம் பயின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அந்த வாரமே மாஸ்டர் பெற்றோரைக் கூட்டி விதிகளை வைத்தார். பயிற்சி நேரத்தில் கதவு சாத்தப்படாது. எந்தப் பிள்ளையும் அவரோடு தனியாக இருக்காது. வெளியூர்ப் போட்டிக்கு இரண்டு அம்மாக்களாவது கூட வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவது அக்காதான். யாராவது தப்பாக நடந்தால் சொல்ல, குழந்தைகள் உதவி எண் 1098 என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறார். சொல்லப்படுகிறவர் அவராகவே இருந்தாலும் சரி என்று பிள்ளைகளிடமே சொல்லியிருக்கிறார். கோச் நல்லவராக இருந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது என்பதே என் எண்ணமும். நல்லவரும் கெட்டவரும் ஒரே விதிக்குள் நடக்க வேண்டும், அப்போதுதான் கெட்டவர் தனித்துத் தெரிவார்.

அடியைப் பற்றியும் கேட்டேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் வளர்ந்த மண் இது. இங்கே வாத்தியார் அடிப்பதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபின் அந்த வாத்தியார்களின் கம்பீரத்தை ஊரே பேசியது. மாஸ்டர் அந்த மரபைப் பெருமையோடு பேசுகிறவர்தான். ஆனால் தன் முதல் வருடங்களில் ஒரு பையனைக் கன்னத்தில் அறைந்ததைச் சொன்னார். நல்ல கை அவனுக்கு, அறைக்குள் ஸ்டிரைக்கரை வீசி எறிந்தான், இவர் அடித்துவிட்டார். மறுநாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டும் வரவில்லை. இப்போது அவன் எங்கேயோ டெம்போ ஓட்டுகிறான், பார்த்தால் வணக்கம் வைக்கிறான். “அவன மாதிரி தம் ஷாட் அடிக்கிறவன நான் அப்புறம் பாக்கல” என்றார் மாஸ்டர். அதன்பின் கை ஓங்கியதில்லை.

மறுநாள் காலை வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக்குப் போனேன். மாஸ்டரிடம் கேரம் கற்ற இரண்டு பையன்கள் இப்போது அங்கே கால்பந்து ஆடுகிறார்கள், அவர்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 1990-களின் பிற்பகுதியில் உமாபதியும் தங்கராஜும் சேர்ந்து இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் ஒன்றாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளியை விட்டு நின்றவர்களை மைதானம் வழியாகப் பள்ளிக்கே திருப்பிய முயற்சி அது. சென்னையின் எஃப்.சி.யில் ஆடிய தனபால் கணேஷ் இந்த வியாசர்பாடிக்காரர். ‘குட்டி பிரேசில்’ என்று வியாசர்பாடியைச் சொல்லும்போது ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதிகாலை ஐந்தரைக்கு மைதானத்தைப் பெருக்கிக் கண்ணாடித் துண்டு பொறுக்குகிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. நான் போனபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், கோச்சும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் குனிந்து.

அங்கே பிரியாவின் பெயரை நான் எடுக்காமலே அவர்களே எடுத்தார்கள். ராணி மேரிக் கல்லூரியில் படித்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, வியாசர்பாடிப் பெண். முழங்கால் சவ்வு கிழிந்ததற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதில் நேர்ந்த தவறால் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். 2022 நவம்பர் 15. அவருக்குப் பிறகு ஒவ்வொரு தாயும் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது என்றார் அங்கிருந்த கோச். முன்பெல்லாம் ஷூ யார் வாங்கித்தருவார் என்பார்கள். இப்போது, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பார்கள் என்கிறார்கள். அதற்குக் கோச் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். விளையாட்டு மருத்துவம் தெரிந்த ஒருவரை வாரத்துக்கு ஒருமுறையாவது இந்த மைதானங்களுக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டார். முடியும் என்றே நான் நினைக்கிறேன். பெரிய மருத்துவமனைகள் பல நிறைந்த நகரம் இது.

கேரமில் சவ்வு கிழியாது. ஆனால் மணிக்கணக்கில் குனிந்து உட்காரும் முதுகு வலிக்கிறது. கண் கெடுகிறது. மாஸ்டர் வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு.

அவர் சம்பளக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். மாதக் கட்டணம் 200 ரூபாய். இருபத்தாறு பேரில் பத்துப் பேர் ஒழுங்காகத் தருகிறார்கள். கேட்பதற்கு அவர் கூச்சப்படுவதில்லை, ஆனால் தராதவர்களை நிறுத்துவதும் இல்லை. வரும் 2,000 ரூபாய் கரன்ட் பில்லுக்கும் பவுடருக்கும் காயினுக்கும் போய்விடுகிறது. போட்டி வந்தால் நுழைவுக் கட்டணம், வேன், சாப்பாடு. அது அவர் கைக்காசு, அல்லது மீன் ஏலம் எடுக்கும் நண்பர் ஒருவரின் உதவி. ஓவர்டைம் கிடைத்தாலும் எடுப்பதில்லை. ஐந்தரைக்குக் கதவு திறக்க வேண்டுமே. பதினேழு வருட ஓவர்டைமைக் கூட்டிப் பார்த்தால் இந்த ஊரில் ஒரு சின்ன மனை வந்திருக்கும் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னாராம். சொன்னவரே இன்றைக்கும் அறைக்குக் கூட்டுமாறும் ஃபினாயிலும் வாங்கி அனுப்புகிறார்.

இவருக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. 1961-ல் தொடங்கிய பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஒரு வருட டிப்ளமோ முடித்தவர்தான் இங்கே முறையான கோச். அந்த டிப்ளமோ கேரமுக்கு இல்லை. ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் இல்லாத ஆட்டம் என்பதால் பெரிய பணம் இந்தப் பக்கம் திரும்புவதே அபூர்வம். சாம்பியன் ஆனபின் அரசு கொடுக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் கொடுக்கிறது. இரண்டும் முன்னைவிட நன்றாகவே நடக்கின்றன. ஆனால் அந்தச் சாம்பியன் எட்டு வயதில் தொடங்கிப் பதினேழு வரை ஒவ்வொரு மாலையும் போய் உட்கார்ந்த அறைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. என் கோரிக்கை பெரியதல்ல. மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை நாலரைக்குமேல் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளில் ஒன்றைக் கொடுங்கள். போலீஸ் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயமாக்கி, முதலுதவி சொல்லிக்கொடுத்து, அதன்பின் இவர்கள் செலவிடும் மணிநேரத்துக்கு ஒரு மதிப்பூதியம் கொடுங்கள். பதக்கத்தை வைத்து அல்ல, திறந்த கதவை வைத்து.

ஏனென்றால் பதக்கத்தை வைத்துப் பார்த்தால் மாஸ்டர் தோற்றவர். பதினேழு வருடத்தில் மாநில அணிவரை போனவர்கள் நான்கு பேர். அவர் எண்ணுவது வேறு வகையில். ரயில்வேயில் இருவர், போலீசில் ஒருத்தி, கப்பலில் ஒருவன், நர்சிங் முடித்தவர்கள் மூவர். சிறைக்குப் போனவன் ஒருவன். அவன் பெயரையும் நோட்டில் வைத்திருக்கிறார். புழலுக்குப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். வெளியே வந்தால் எங்கே வேலைக்குச் சேர்ப்பது என்று இப்போதே யார்டில் பேசிவைத்திருக்கிறார்.

இப்போது அவருக்கு முன்னால் இருக்கும் சிக்கல் வேறு. யார்டு நிர்வாகம் அவரைக் காட்டுப்பள்ளிப் பக்கம் மாற்றுகிறது. சூப்பர்வைசர் பொறுப்பு, மாதம் 4,000 ரூபாய் கூடுதல், பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை ஷிஃப்ட். மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்கிறாள். மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது என்று நான் சொன்னேன். அவர் முகத்தில் கோபமில்லை, ஆனால் இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மறுபடி மாலையில் அறைக்குப் போனபோது கல்லூரி மாணவனும் அக்காவும் அவரும் பூட்டும் நேரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

“திங்களு, பொதன், வெள்ளி நான் தொறக்கிறேன். செவ்வாயும் வியாழனும் இவன். சனி, ஞாயிறு நீங்க” என்றாள் அக்கா. “ஆனா நோட்டு எங்கிட்டதான் இருக்கும். வூட்டாண்ட போய்ப் பேசறதும் நான்தான். நடுவுல நீங்க போன் பண்ணி மாத்தக் கூடாது.”

“சரிம்மா.”

“அஞ்சரைன்னா அஞ்சரைதான். ஸ்கேன் சென்டர்ல மூணு மணிக்கு வுட்ருவாங்க, எனக்கு லேட் ஆவாது.”

“சரி.”

“இன்னொண்ணு. புதுசா வர்ற பசங்களுக்கு மூணு வாரம் வெறும் ஸ்டிரைக்கர்னா எவன் நிப்பான்? ஒரு வாரம் போதும். ரெண்டாவது வாரம் ஒம்போது காயின் குடுத்துடலாம்.”

இதற்கு மட்டும் மாஸ்டர் சரி என்று சொல்லவில்லை. மூன்று வாரம் இல்லாமல் மணிக்கட்டு படியாது என்றார். மணிக்கட்டு படிவதற்குள் பையன் போய்விடுகிறான் என்றாள் அவள். வந்த நாற்பது பேரில் ஆறு பேர்தானே நின்றார்கள் என்று அவருடைய கணக்கையே எடுத்து அவர்முன் வைத்தாள். கல்லூரி மாணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மணி ஒன்பதரை ஆகியும் யாரும் எழவில்லை. கடைசியில், அவள் திறக்கும் நாட்களில் சேர்கிறவர்களுக்கு அவள் முறை, அவர் நாட்களில் சேர்கிறவர்களுக்கு அவர் முறை, ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்தையும் எதிரெதிரே உட்காரவைத்து ஆடவிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அவர் நோட்டை அவளிடம் தள்ளிவைத்துவிட்டு, பேனா யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.